பி.எஸ்.ஏ. பரிசோதனை: ரத்தம் கொடுக்கும் முன்பும் பிறகும்

பி.எஸ்.ஏ. என்பது ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியில் உருவாகும் ஒரு புரதம். புரோஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்க ரத்தத்தில் அதன் அளவை எடுப்பார்கள். சென்னை காசிமேட்டில் மீன்பாடி வண்டியோ சைக்கிளோ மிதிப்பவர்கள் ரத்தம் கொடுக்க 48 மணி நேரம் முன்பே அதை நிறுத்துங்கள், உடலுறவும் வேண்டாம். இரண்டும் அளவை ஏற்றிக் காட்டலாம். சிறுநீர்த் தொற்று இருந்தால் குணமாகி 6 வாரம் பொறுங்கள். புரோஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டரைடு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுபவருக்கு அளவு ஏறக்குறைய பாதியாக இறங்கியிருக்கும். டாக்டரிடம் சொல்லாமல் விட்டால் புற்றுநோய் கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமைத் தாண்டினாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. வயதானவரின் சாதாரண புரோஸ்டேட் வீக்கத்திலும் ஏறும். சில வாரம் கழித்து அதே லேபில் திரும்பப் பாருங்கள். 4 முதல் 10க்குள் நின்றால் ஃப்ரீ பி.எஸ்.ஏ. (மொத்தத்தில் வேறு புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் பங்கு) உதவும்: 10 சதவீதத்துக்குக் கீழே சந்தேகம் கூடும், 25க்கு மேல் குறையும். ரிப்போர்ட்டோடு ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போங்கள். பயாப்சிக்கு (திசு எடுத்துப் பார்க்கும் சோதனை) முன் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.

புற்றுநோய்க்காகப் புரோஸ்டேட் சுரப்பியை அகற்றியவருக்குக் கணக்கே வேறு: 0.2ஐத் தொட்டு, மறுபரிசோதனையிலும் இறங்காவிட்டால் நோய் திரும்பியதாகவே டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள்.