பிராட்வே ஆல்பத்தை எப்படிக் கேட்பது?

அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 1985-இல் வெளியிட்ட ‘தி பிராட்வே ஆல்பம்’ போன்றவற்றை தயவுசெய்து ஷஃபிளில் போடாதீர்கள். ஒவ்வொரு பாட்டும் பிராட்வேயில், அதாவது நியூயார்க்கின் நாடக அரங்குகளில், மேடையேறிய ஓர் இசை நாடகத்துக்காகப் பிறந்தது. சிச்சுவேஷன் தெரியாவிட்டால் எல்லாமே ஒரே சோகமாகத் தோன்றும். நாலாவது பாட்டில் கொட்டாவி வந்துவிடும்.

முதலில் எந்த நாடகம், யார் பாடுகிறார், எதற்காக என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் நாடகத்தில் நடித்தவர்களே பாடிய பதிவைக் கேளுங்கள். ஸ்ட்ரைசாண்ட் கடைசியில்தான்.

‘செண்ட் இன் தி கிளௌன்ஸ்’ பாட்டில் தொடங்கலாம். இசையமைப்பாளரும் பாடலாசிரியருமான ஸ்டீபன் சோண்ட்ஹைம் 1973-இல் ‘எ லிட்டில் நைட் மியூசிக்’ நாடகத்துக்கு எழுதியது. டெசிரே என்ற நடிகை பழைய காதலனைத் திரும்ப அழைக்கிறாள். அவனோ இளம் மனைவியை விட்டு வர முடியாமல் தவிக்கிறான். டெசிரேயாக நடித்த கிளினிஸ் ஜான்ஸுக்கு இழுத்துப் பாடும் குரல் இல்லை. அதனால் வரிகளைச் சின்னச் சின்னக் கேள்விகளாக வெட்டி எழுதினார் சோண்ட்ஹைம். ஜான்ஸின் பதிவில் வரிக்கு வரி மூச்சு விடுவது காதில் விழும். அவமானப்பட்டவள் பேசுகிற மாதிரியே இருக்கும்.

இப்போது ஸ்ட்ரைசாண்டைப் போடுங்கள். மூச்சுக்குப் பஞ்சமே இல்லாத குரல். வரி முடியும் இடத்தில் நிறுத்துகிறாரா, அடுத்த வரியோடு சேர்க்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். இன்னொன்று: மேடையில் பாட்டின் நடுவே அந்தக் காதலன் போய்விடுவதைப் பார்வையாளர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். இசைத்தட்டில் அதற்கு வழியில்லை. அந்த இடைவெளிக்காக ஸ்ட்ரைசாண்ட் கேட்டு, சோண்ட்ஹைம் கூடுதல் வரிகள் எழுதிக் கொடுத்தார். அவை எங்கே வருகின்றன என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

ஆல்பத்தின் முதல் பாட்டான ‘புட்டிங் இட் டுகெதர்’ இன்னும் வேடிக்கை. மூல நாடகத்தில் கலைஞன் ஒருவன் பணம் திரட்டப் படும் பாடு. இங்கே வரிகளை மாற்றி, இசைத்தட்டு வியாபாரத்தைப் பற்றியதாக ஆக்கியிருக்கிறார்கள். “இது விற்காது” என்கிற ரீதியில் குறுக்கே பேசும் குரல்களும் உண்டு. ஆனால் 1986 தொடக்கத்தில் அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் ஆல்பம் முதலிடம் பிடித்தது.

‘சம்வேர்’ பாட்டின் சிந்தசைசர் எனக்கு ஒத்துவருவதில்லை. அது ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ என்ற காதல் நாடகத்தின் பாட்டு. 1957 நாடகப் பதிவில் காதலர்கள் அல்ல, வேறொரு பெண் குரல் அதைப் பாடும். எனக்கு அதுவே போதும். நீங்கள் இரண்டையும் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வரலாம்.