ரெஸ்டோர் முடிந்தும் அட்டவணைகள் 'இல்லை' என்ற போஸ்ட்கிரெஸ்

பல நாட்களைத் தின்ற இந்தச் சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பேக்கப்பைப் புதிய சர்வரில் ரெஸ்டோர் செய்தபோது ஒரு பிழைகூட வரவில்லை. ஆனால் செயலி எந்த அட்டவணையைக் கேட்டாலும், அப்படியொரு ரிலேஷனே இல்லை என்றது. பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்துக் குழப்பம் ஏதுமில்லை. பயனருக்கு அனுமதிகளை மீண்டும் வழங்கியும் அதே செய்திதான்.

அட்டவணைப் பெயருக்கு முன்னால் ஸ்கீமா (தரவுத்தளத்துக்குள் அட்டவணைகளைத் தொகுத்து வைக்கும் பகுதி) பெயரையும் புள்ளியையும் சேர்த்துக் கேட்டதும் தரவு முழுவதும் வந்தது. போஸ்ட்கிரெஸின் கட்டளை வரிக் கருவியான பிஎஸ்கியூஎல்லில் அட்டவணைகளைப் பட்டியலிடும் கட்டளை, சர்ச் பாத்தில் (ஸ்கீமா பெயர் தராதபோது தேடப்படும் ஸ்கீமாக்களின் வரிசை) உள்ள ஸ்கீமாக்களை மட்டுமே பார்க்கும் என்பதால், அது காட்டும் வெற்றுப் பட்டியலை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது.

பழைய சர்வரில் 'ஆல்டர் டேட்டாபேஸ்' கட்டளையால் சர்ச் பாத் அமைக்கப்பட்டிருந்தது. 'கிரியேட்' விருப்பமின்றி எடுத்த பிஜி டம்ப்பில் (போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவி தரும் கோப்பு) அந்த அமைப்பு இடம்பெறாது. 11-ஆம் பதிப்பு முதல், அந்த விருப்பத்தைக் கொடுத்தால் அதுவும் சேர்ந்து வரும். அதே கட்டளையைப் புதிய சர்வரில் இட்ட பிறகும் செயலி பிடிவாதமாகப் பழைய பிழையையே காட்டியது. காரணம், இவ்வகை மாற்றம் புதிய இணைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும், கனெக்ஷன் பூலில் (செயலி மீண்டும் மீண்டும் பயன்படுத்தத் திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) திறந்திருந்தவை பழைய பாதையிலேயே இயங்கின. பூலை மறுதொடக்கம் செய்ததும் எல்லா அட்டவணைகளும் கிடைத்தன.