ஹைக்கூவா, ரியாக்ட்ஓஎஸ்ஸா, எந்தத் தீம்? ஓப்பன் சோர்ஸ் திட்டங்களை ஒப்பிடும் முறை

வியாசர்பாடியில் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் சிலர் கூடிக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும் அறையில் மூன்று பழைய லேப்டாப்கள் இருக்கின்றன. அதில் இரண்டு, 2011இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் யாரோ ஒரு அக்காவுக்கும் அண்ணனுக்கும் வந்தவை. 2 ஜிபி ராம்தான். "இதுல இன்னாண்ணா போடலாம்?" என்று கல்லூரி முதலாண்டு படிக்கும் ஒரு பெண் கேட்டாள். அதே நாளில் ஒரு பையன் டான்ஸ் மேட்டோடு வந்து, ஸ்டெப்மேனியாவுக்கு (திரையில் வரும் அம்புகளுக்கு ஏற்ப மிதித்து ஆடும் விளையாட்டு) எந்தத் தீம், அதாவது திரைத் தோற்றத் தொகுப்பு, நல்லது என்று கேட்டான்.

ஒருத்திக்கு ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் போலக் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்) வேண்டும், ஒருவனுக்கு விளையாட்டின் தீம் வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே வழியில் பார்க்கலாம். எந்தக் கேள்விக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதுதான் மாறும். அன்று அவர்களோடு செய்ததைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: தேவையை எழுதுங்கள்

பேப்பரில், ஒரே வரியில். "நல்ல ஓஎஸ் வேண்டும்" என்று எழுதினால் எதையும் ஒப்பிட முடியாது. அந்தப் பெண் எழுதியது: "டிஎன்பிஎஸ்சி பிடிஎஃப் திறக்கணும், தமிழ் 99 கீபோர்டில் தட்டச்சு செய்யணும், வைஃபை பிடிக்கணும்." அளவுகோல் கிடைத்துவிட்டது.

படி 2: அந்தத் திட்டம் எதற்காகப் பிறந்தது?

புதிதாக வருபவர்கள் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். நாங்கள் ஒப்பிட்ட ஓஎஸ்கள் ஹைக்கூ, ரியாக்ட்ஓஎஸ், செரினிட்டிஓஎஸ். ஹைக்கூ ஒரு லினக்ஸ் அல்ல. பீஓஎஸ் என்ற பழைய ஓஎஸ்ஸை உருவாக்கிய பீ நிறுவனத்தின் சொத்துகள் 2001இல் பாம் நிறுவனத்துக்குக் கைமாறின. அதே ஆண்டு, அதை விரும்பியவர்கள் ஓப்பன்பீஓஎஸ் என்ற பெயரில் முதலிலிருந்து எழுதத் தொடங்கியதுதான் இன்றைய ஹைக்கூ. ரியாக்ட்ஓஎஸ்ஸின் நோக்கம் வேறு: விண்டோஸ் புரோகிராம்களும் டிரைவர்களும் அப்படியே ஓட வேண்டும். 1996இல் ஃப்ரீவின்95 என்ற பெயரில் முளைத்த முயற்சி அது, இன்னும் ஆல்பா (முழுமையாகாத சோதனை) நிலையில்தான் இருக்கிறது. செரினிட்டிஓஎஸ் 2018இல் ஒருவர் தன் ஆசைக்கு எழுத ஆரம்பித்தது. அதற்கு நேராக இன்ஸ்டால் செய்யும் ஐஎஸ்ஓ கோப்பே தருவதில்லை, சோர்ஸ் கோடை (புரோகிராமர் எழுதிய மூல வரிகளை) எடுத்து நீங்களே பில்ட் செய்து, அதாவது ஓடக்கூடிய ஓஎஸ்ஸாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்ததுமே பட்டியல் பாதியாகிவிடும். தினசரி வேலைக்கு லேப்டாப் வேண்டும் என்றால் செரினிட்டி வேண்டாம். ஓஎஸ் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கோடு படித்துப் பார்க்க ஆசை என்றால் அதுவே பொக்கிஷம். தினசரி வேலைதான் முக்கியம் என்பவர்கள், பழைய மெஷினுக்கு ஏற்ற லினக்ஸ் ஒன்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: லைசன்ஸ்

சோர்ஸ் கோடு கண்ணுக்குத் தெரிகிறது என்பதாலேயே அது ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடியது, ஆகிவிடாது. லைசன்ஸ் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஹைக்கூவும் ஸ்டெப்மேனியாவும் பெரும்பாலும் எம்ஐடி லைசன்ஸ்: எடுத்து மாற்றலாம், உரிமைக் குறிப்பை மட்டும் விடாமல் வைக்க வேண்டும். ரியாக்ட்ஓஎஸ் ஜிபிஎல்: மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால், மாற்றிய கோடையும் கொடுக்க வேண்டும். தீமில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. கோடுக்கு லைசன்ஸ் இருந்தாலும், உள்ளே இருக்கும் படம், எழுத்துரு, ஒலி எல்லாம் வேறு யாருடையதாகவும் இருக்கலாம்.

படி 4: உயிரோடு இருக்கிறதா?

கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நட்சத்திரம் எத்தனை என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். என்றைக்கோ ஒருவருக்குப் பிடித்திருந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. வெளியீட்டுத் தேதியும் தனியாக நின்றால் ஏமாற்றிவிடும். ரியாக்ட்ஓஎஸ் 0.4.14 வந்தது 2021 டிசம்பரில், அடுத்த 0.4.15 வந்தது 2025 மார்ச்சில். மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி. அதனால் திட்டம் செத்துவிட்டது என்று நினைத்தால் தவறு, இடையில் கமிட்கள் (கோடில் சேர்க்கும் மாற்றங்கள்) வந்துகொண்டேதான் இருந்தன. ஹைக்கூவின் நான்காம் பீட்டா (ஆல்பாவுக்கு அடுத்த கட்டச் சோதனைப் பதிப்பு) 2022 டிசம்பர், ஐந்தாம் பீட்டா 2024 செப்டம்பர்.

அதனால் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: கடைசி வெளியீடு, கடந்த இரண்டு மாதத்துக் கமிட்கள், பக் (பிழை) பட்டியலில் புதியவர் கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா என்பது. மூன்றாவதைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

எடை மாறும் என்றேனே, அது இங்கேதான். ஒரு தீமில் இரண்டு வருடமாகக் கமிட்டே இல்லையென்றால் வேலை முடிந்துவிட்டது என்றும் அர்த்தம் இருக்கலாம். உங்கள் விளையாட்டுப் பதிப்பில் அது ஓடினால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தோடு இணையும் ஓஎஸ்ஸில் இரண்டு வருட மௌனம் ஆபத்து. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை என்று அர்த்தம்.

படி 5: ஓட்டிப் பாருங்கள்

முதலில் விர்ச்சுவல்பாக்ஸில் (இருக்கும் ஓஎஸ்ஸுக்குள்ளேயே இன்னொரு ஓஎஸ்ஸை ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்). அது திருப்தியாக இருந்தால் பென்டிரைவில். ஹைக்கூவை இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து பூட் செய்யலாம், 4 ஜிபி டிரைவ் போதும். புது லேப்டாப் என்றால் செக்யூர் பூட்டை (அனுமதித்த ஓஎஸ்ஸை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு அமைப்பை) அணைக்க வேண்டும். ஓஎஸ்ஸின் இமேஜ் கோப்பைப் பென்டிரைவில் எழுதும்போது எந்த டிரைவ் என்று இரண்டு முறை பாருங்கள். அவசரத்தில் தப்பான டிரைவைத் தேர்ந்தெடுத்து, என் தங்கையின் கல்யாணப் படங்களை ஒருமுறை இழந்திருக்கிறேன். அப்புறம், ரியாக்ட்ஓஎஸ்ஸை முக்கியமான கோப்புகள் உள்ள மெஷினில் இன்ஸ்டால் செய்யவே வேண்டாம். ஆல்பா என்று அவர்களே சொல்கிறார்கள்.

பூட் ஆனதும் வைஃபை, சத்தம், மூடித் திறந்தால் எழுகிறதா என்று பார்த்துவிட்டுத் தமிழுக்கு வாருங்கள். நாங்கள் சோதனைக்கு வைத்திருக்கும் சொல் "கொருக்குப்பேட்டை". நம்ம ஏரியாப் பெயர் என்பதற்காக மட்டும் அல்ல. "கொ"வில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும், "பே"யில் இரட்டைக் கொம்பு முன்னால் வர வேண்டும், "டை"யிலும் குறி முன்னால் வர வேண்டும். கோப்பில் இந்தக் குறிகள் எல்லாம் மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகின்றன. இடம் மாற்றிக் காட்டுவது எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. அது தெரியாத இடத்தில் கொம்பு தனியாக, புள்ளி வட்டத்தோடு பின்னால் தொங்கும். பிரவுசரில் சரியாக வந்தால் மட்டும் போதாது, பல பிரவுசர்கள் தங்கள் சொந்த ஏற்பாட்டில் எழுத்தைச் சேர்த்துக் காட்டிவிடும். டெக்ஸ்ட் எடிட்டரில் அடியுங்கள், ஒரு கோப்புக்கு அதையே பெயராகவும் வையுங்கள். மூன்று இடத்திலும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பீடு கண் முன்னால் இருக்கும்.

படி 6: தீம்களை ஒப்பிடுவது

தீம் கோப்புறையை ஸ்டெப்மேனியாவின் தீம்ஸ் கோப்புறைக்குள் போட்டு, ஆப்ஷன்ஸில் தேர்ந்தெடுத்தால் போதும். முதலில் பதிப்பைப் பாருங்கள். 3.9 காலத்துத் தீம் 5இல் அப்படியே ஓடாது. இப்போது பலர் ஆடுவது, ஸ்டெப்மேனியா 5.1இலிருந்து கிளைத்த ஐடிஜிமேனியா. தீம் அதற்கு எழுதியதா, பழையதற்கா என்று அதன் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் இருக்கும். ஏதாவது உடைந்தால் லாக்ஸ் கோப்புறையில் உள்ள லாக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

சரி, எந்தத் தீம் நல்லது? பையன் இரண்டு தீமில் ஆடி, ஒன்றில் மார்க் அதிகம் வந்தது என்று அதைத் தேர்ந்தெடுத்தான். அங்கேதான் நிறுத்தினேன். தீம் வெறும் மேல்சட்டை அல்ல. ஸ்டெப்மேனியாவின் வழக்கமான அமைப்பில், மிகச் சரியான மிதிக்கு 22.5 மில்லிசெகண்ட் இடம் உண்டு. சிம்ப்ளி லவ் போன்ற தீம் தனக்கென்று வேறு நேர அளவை வைத்துக்கொள்கிறது. இரண்டின் மார்க்கையும் பக்கத்தில் வைப்பது, ஒரு கேரம் போர்டில் பவுடர் போட்டு, இன்னொன்றில் போடாமல் ஆடிவிட்டு ஆட்டக்காரரை எடைபோடுவது மாதிரி.

அதனால் பாட்டு, மெஷின், திரை எல்லாம் மாறக் கூடாது. டிவியில் இணைத்தால் படம் தாமதமாக வரும், ஒலி ஒத்திசைவை முதலில் சரிசெய்யுங்கள். விளையாட்டில் உள்ள ஷோ ஸ்டாட்ஸை இயக்கி, அம்புகள் நெருக்கமாக வரும் இடத்தில் நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற ஃபிரேம் எண்ணிக்கை விழுகிறதா என்று பாருங்கள். பழைய லேப்டாப்பில் அலங்காரம் கூடிய தீம் அங்கே திக்கும், திக்கினால் காலும் தப்பும். இந்த விளையாட்டின் எழுத்துருக்கள் முன்பே வரைந்த படங்கள், தமிழ்த் தலைப்பை அவை சேர்த்துக் காட்டாது. எங்கள் பிள்ளைகள் பதிவு செய்த கானா பாட்டுக்கு ஸ்டெப் (அம்புகளின் வரிசை) எழுதியபோது, டைட்டில்ட்ரான்ஸ்லிட் என்ற வரியில் ஆங்கில எழுத்தில் பெயர் கொடுத்துவிட்டோம்.

பையன் கடைசியில் அலங்காரம் குறைந்த தீமையே வைத்துக்கொண்டான். அந்தப் பெண் லேப்டாப்பில் லினக்ஸைப் போட்டாள், ஹைக்கூவைப் பென்டிரைவில் வைத்திருக்கிறாள். போன சனிக்கிழமை அதன் பக் பட்டியலைத் திறந்து, தமிழ் பற்றி ஏற்கெனவே யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தாள். எடுத்து வைத்த மூன்று படங்களும் பக்கத்திலேயே திறந்திருந்தன.