உராய்வை அளந்த பிறகே ஐ-கெயினைத் தொடுங்கள்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ கடலூர் சிப்காட்டிலோ சர்வோ மோட்டாரும், அதன் சுழற்சியை நேர்நகர்வாக்கும் பால் ஸ்குரூவும் பூட்டிய எந்திர மேசையை ஓட்டுகிற நமக்கு ஒரு பழக்கம் உண்டு. மேசை குறித்த இடத்துக்குச் சில மைக்ரான் முன்பாகவே நின்றுவிட்டால், உடனே ஐ-கெயினை, அதாவது சேர்ந்துவரும் பிழைக்கு ஏற்ப விசையைக் கூட்டும் ஐ-கூற்றின் (இன்டெக்ரல்) பெருக்கத்தை, ஏற்றிவிடுகிறோம். பிழை குறைகிறது, ஆனால் சற்று நேரத்தில் மேசை அந்த இடத்திலேயே முன்னும் பின்னுமாகத் துள்ளத் தொடங்குகிறது.

வில்லியனூர் தேரோட்டத்தில் வடம் பிடித்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். நிற்கும் தேரை அசைக்க வேண்டிய இழுப்பு, ஓடும் தேருக்கு வேண்டியதைவிட அதிகம். ஐ-கூறு பிழையைக் கூட்டிக்கொண்டே போய் நிலை உராய்வை மீறும் கணத்தில் உராய்வு சட்டென்று இறங்கிவிடுகிறது; சேர்ந்திருந்த விசையோ அவ்வளவு விரைவில் இறங்குவதில்லை. மேசை இலக்கைத் தாண்டி நிற்கிறது, மறுபக்கமும் அதுவே நடக்கிறது. தேருக்காவது முட்டுக்கட்டை போட ஆள் உண்டு.

ஆகவே முதலில் ஐ-கெயினைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, எந்திரம் அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு, மேசையை நிமிடத்துக்கு 20, 50, 100, 500 மில்லிமீட்டர் என்ற சீரான வேகங்களில் இரு திசையிலும் ஓட்டி, முடுக்கம் இல்லாத நடுப்பகுதியில் மட்டும் டார்க்கின் (மோட்டாரின் திருப்புவிசை) சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வேகத்தில் முன்னோக்கி 0.42, பின்னோக்கி −0.30 நியூட்டன் மீட்டர் என்று வந்தால், வித்தியாசத்தில் பாதியான 0.36 உராய்வு, கூட்டுத்தொகையில் பாதியான 0.06 ஈர்ப்பு போன்ற ஒருபக்கச் சுமை. இந்த உராய்வு மதிப்புகளை வேகத்துக்கு எதிராக வரைந்தால், நேர்கோட்டின் சாய்வு மசகால் வரும் பங்கைக் காட்டும். அக்கோட்டைப் பூஜ்ஜிய வேகம் வரை நீட்டினால் கூலும் உராய்வு, அதாவது வேகத்தைச் சாராத பங்கு, கிடைக்கும். மிகக் குறைந்த வேகத்தில் புள்ளிகள் கோட்டுக்கு மேலே ஏறினால் திகைக்க வேண்டாம். அது ஸ்டிரிபெக் 1902-இல் பேரிங்குகளில் அளந்து காட்டிய வளைவுதான்.

அளந்த மதிப்பை ஃபீட்ஃபார்வர்டில் (பிழை வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே தரும் ஈடு) சேர்க்கும்போது, திசையை என்கோடர் (சுழற்சியை அளக்கும் உணரி) காட்டும் வேகத்திலிருந்து எடுக்காமல் கட்டளை வேகத்திலிருந்து எடுங்கள். என்கோடர் வேகம் பூஜ்ஜியத்தருகே இரைச்சலால் குறி மாறிக்கொண்டே இருப்பதால் மோட்டார் நடுங்கும். 80 விழுக்காட்டில் தொடங்குவது என் வழக்கம். குறையை ஐ-கூறு நிரப்பிவிடும், மிகையோ திரும்புமிடத்தில் மேசையை உதைத்துத் தள்ளும். இரண்டு அச்சுகளையும் சேர்த்து வட்டம் ஓட்டிப் பாருங்கள்: அச்சு திசை மாறும் நான்கு இடங்களில் வெளிப்புறம் புடைத்தால் ஈடு போதவில்லை, உட்குழிந்தால் அதிகம்.

இதன் பிறகே ஐ-கெயினைச் சிறிது சிறிதாக ஏற்றலாம். டார்க் வரம்பைத் தொடும்போது கூட்டல் நிற்கும்படி அமையுங்கள். அப்படியும் நின்ற இடத்தில் துள்ளினால், பிழை இரண்டு கவுண்ட்டுக்குள் (கவுண்ட் என்பது என்கோடரின் மிகச் சிறிய அளவுப்படி) இருக்கும்போது ஐ-கூறு உறையும்படி வைக்கலாம். 5 மில்லிமீட்டர் புரியிடையும் (ஸ்குரூவின் ஒரு சுற்றுக்கு மேசை நகரும் தூரம்) சுற்றுக்கு 10,000 கவுண்ட்டும் உள்ள அச்சில் அதற்கு விலை 1 மைக்ரான்.