தகுதிச்சுற்றுப் பட்டியலைப் படிப்பது எப்படி? 2018 உலகக் கோப்பையின் ஐரோப்பிய ஏ பிரிவை வைத்து ஒரு பயிற்சி

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கால்பந்துக்குப் புதியவர்களிடம் நான் முதலில் கொடுக்கும் பட்டியல் இதுதான். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

படி 1: பட்டியலை எழுதுங்கள்

ஆறு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்துடன் சொந்த மண்ணில் ஒருமுறை, எதிரணி மண்ணில் ஒருமுறை மோதும்; ஆக 10 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. அடித்த கோல், வாங்கிய கோல், புள்ளி என்ற வரிசையில் இறுதி நிலவரம்:

பிரான்ஸ்: 18, 6, 23
சுவீடன்: 26, 9, 19
நெதர்லாந்து: 21, 12, 19
பல்கேரியா: 14, 19, 13
லக்சம்பர்க்: 8, 26, 6
பெலாரஸ்: 6, 21, 5

படி 2: யாருக்கு என்ன கிடைக்கும்?

ஒன்பது பிரிவுகளிலும் முதலிடம் பிடித்தவர்கள் நேராக ரஷ்யாவுக்குப் போனார்கள். இரண்டாமிடத்தவர்களில் சிறந்த எட்டு அணிகளுக்கு பிளே ஆஃப் வாய்ப்பு, அதாவது மீதமுள்ள இடங்களுக்காகத் தங்களுக்குள் மோதும் கூடுதல் ஆட்டங்கள். மூன்றாமிடத்துக்கு ஒன்றுமில்லை. இனி சுவீடனையும் நெதர்லாந்தையும் பாருங்கள். இருவருக்கும் 19.

படி 3: சமநிலை விதியைத் தேடுங்கள்

புள்ளி சமமானால் எதைப் பார்ப்பது என்பது போட்டிக்குப் போட்டி மாறும். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் முதலில் கோல் வித்தியாசம், அதாவது அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழித்தால் வருவது. சுவீடன் 17, நெதர்லாந்து 9. கதை முடிந்தது.

படி 4: கடைசி நாள் கணக்கை நீங்களே போடுங்கள்

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். 2017 அக்டோபர் 7 அன்று சுவீடன் லக்சம்பர்க்கை 8-0 என்று நொறுக்கியது. மார்கஸ் பெர்க் மட்டும் நான்கு கோல். அதே நாளில் நெதர்லாந்து பெலாரஸை 3-1 என்று வென்றது. வெற்றிக்கு இருவருக்கும் அதே மூன்று புள்ளிதான், ஆனால் கோல் வித்தியாசம் சுவீடனுக்கு 19, நெதர்லாந்துக்கு 7 என்று ஆகிவிட்டது. இடைவெளி 12.

மூன்று நாள் கழித்து ஆம்ஸ்டர்டாமில் இவர்கள் இருவருமே மோத வேண்டும். நெதர்லாந்து ஒரு கோல் கூடுதலாக அடித்தால் தன் கணக்கில் ஒன்று ஏறும், சுவீடன் கணக்கில் ஒன்று இறங்கும். இடைவெளி இரண்டு குறையும். ஆறு கோல் வித்தியாசத்தில் வென்றால் இருவரும் 13. அப்போது மொத்தம் அடித்த கோல்களைப் பார்ப்பார்கள்; 6-0 என்றால்கூட சுவீடன் 26, நெதர்லாந்து 25. ஆகவே ஏழு கோல் வித்தியாசம் தேவைப்பட்டது. ஆர்யன் ராபன் முதல் பாதியிலேயே இரண்டு அடித்தார். அதற்குமேல் வரவில்லை. 2-0 என்று வென்ற இரவில் வெளியேறினார்கள். நெதர்லாந்துக்காக அதுவே ராபனின் கடைசி ஆட்டம். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

படி 5: விதியை மாற்றிப் பாருங்கள்

யூரோ 2016 தகுதிச்சுற்றில் புள்ளி சமமானால், சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்த்தார்கள். அந்த விதியை இங்கே பொருத்துங்கள். 2016 செப்டம்பரில் சுவீடனின் சோல்னாவில் 1-1, பிறகு ஆம்ஸ்டர்டாமில் 2-0. நெதர்லாந்துக்கு 4 புள்ளி, சுவீடனுக்கு 1. தாளில் உள்ள இரண்டாவது, மூன்றாவது வரிகளை இடம் மாற்றி எழுதுங்கள்.