புளோக் கீழே ஓர் எண்பதுகள் இசை மாலை

அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் அண்டை வீட்டாரோடு எண்பதுகள் பாட்டு மாலை நடத்தப்போகிறீர்களா? முதலில் எல்லைக்கோடு. எண்பதுகள் என்றால் 1980 முதல் 1989 வரை வந்த பாட்டு மட்டும். இதில் கறாராக இருங்கள். சிங்கப்பூரில், யீஷூனில் எங்கள் புளோக் கூட்டத்தில் ஒருவர் ரகுமான் பாட்டு கேட்டார். அவருடைய முதல் தமிழ்ப் படமே 1992இல்தான் வந்தது என்றேன். இன்றுவரை லிஃப்டில் பார்த்தால் கைப்பேசியைத் தடவுகிறார். போகட்டும். ஒன்றை விட்டால் பத்து நுழையும், அப்புறம் அது வழக்கமான கரோக்கே இரவுதான்.

பாட்டு வரிசைக்கு எனக்குக் கேசட்தான் அளவுகோல். அப்போதெல்லாம் லிட்டில் இந்தியாவில் தேக்கா கடையில் தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்து 60 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்குவேன். பக்கத்துக்கு 30 நிமிடம். பாட்டுக்கு நாலரை நிமிடம் என்றால் ஆறு பாட்டு. ஏழாவதைத் திணித்தால் சரணத்தில் அறுந்துபோகும். அதே கணக்கு இங்கும்: நான்கு பக்கம், 24 பாட்டு, பக்கம் மாற்ற பத்துப் பத்து நிமிடம். 7 மணிக்குத் தொடங்கினால் 9.30க்கு முடிந்துவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் துள்ளலாகத் தொடங்கி, நடுவில் எஸ்.பி.பி., ஜானகி டூயட் வைத்து, கூட்டமே சேர்ந்து பாடும் பாட்டில் முடியுங்கள். பாதிக்குமேல் இளையராஜாவாகத்தான் இருக்கும். அதைத் தடுக்கப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்றாம் பக்கத்தை அண்டை வீட்டாரிடம் விட்டுவிடுங்கள். சீன ஆண்ட்டிகளுக்குச் சின்யாவ், அதாவது இங்குள்ள மாணவர்கள் கிட்டாரோடு எழுதிப் பாடிய மாண்டரின் பாட்டு. மலாய் அங்கிள்களுக்கு ரம்லி சாரிப் பாடிய ஸ்வீட் சாரிட்டி ராக் குழுவின் பாட்டு. சத்தம் என்று புகார் கொடுக்கக்கூடியவரே மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் நமக்கு என்ன கவலை?

கீழ்த்தளத்துக்கு நகர மன்றத்தின் அனுமதி வேண்டும், பாட்டுரிமைக்கு காம்பஸ் அமைப்பின் உரிமம் வேண்டும். வசிப்போர் குழுவைச் சேர்த்துக்கொண்டால் அலைச்சல் குறையும். இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

ஒலிதான் தொல்லை. கூரை தாழ்வு, சுற்றிலும் கான்கிரீட். பெரிய ஸ்பீக்கர் வைத்தால் பல்லவி சுவரில் பட்டுத் திரும்பிச் சரணத்தின் மேல் விழும். சின்ன ஸ்பீக்கர்கள் நான்கை ஆட்களுக்கு அருகில் வைத்து, சத்தத்தைக் குறையுங்கள். புல்வெளியைப் பார்த்து இருக்கட்டும், எதிர் புளோக்கைப் பார்த்து வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே என்ற கடலை வகைகளும், பண்டோங் என்ற ரோஸ் பாலும் போதும். பிரியாணி போட்டால் பாட்டை யாரும் கேட்கமாட்டார்கள்.

மாற்றுத் தேதி ஒன்றும் கையில் இருக்கட்டும். போன முறை இரண்டு நாள் இருக்கும்போது பக்கத்து புளோக்கில் ஒரு சீனர் வீட்டில் இழவு விழுந்தது. இழவுக்கும் கீழ்த்தளத்தில்தான் கூடுவார்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டோம், வாடகைக்கு எடுத்திருந்த நாற்காலிகளை அவர்களுக்கே கொடுத்துவிட்டோம். அடுக்கிக் கட்டித் திருப்பித் தந்தார்கள். எண்ணியபோது இரண்டு நாற்காலி அதிகமாக இருந்தது.