பழகிய விரலுக்குப் புதிய வழி: தமிழ்99 தட்டச்சு கற்கும் முறை

ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழாக மாற்றிக்கொள்ளும் முறையில் 'வந்தான்' என்று எழுத எட்டுத் தட்டு வேண்டும். தமிழ் எழுத்துகளையே விசைகளில் நேரடியாக வைத்திருக்கும் தமிழ்99 முறையில் ஆறு போதும்: வ, ந, த, ஆ, ன, புள்ளி. இது தெரிந்தும், மாற முயல்பவர்களில் பலர் முதல் வாரத்தைத் தாண்டுவதில்லை. நிமிடத்துக்கு முப்பது சொல் அடித்த கை திடீரென்று ஐந்து சொல்லுக்குத் திணறினால், 'இந்த வயதில் இனி வராது' என்று தோன்றிவிடுகிறது.

வயது தடையில்லை. பெரியவர்களுக்கு மூன்று பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, மூன்று மாதம் கழித்து மூளையைப் படமெடுத்த ஆய்வு 2004-இல் வெளியானது. அசைவைக் கண்காணிக்கும் பகுதியில் சாம்பல் நிறப் பொருள் (நரம்பணுக்கள் செறிந்த திசு) கூடியிருந்தது. பழகுவதை நிறுத்திய பின் அது மறுபடி குறைந்தது. ஆனால் உங்கள் பழைய முறை மூளையிலிருந்து அழிவதில்லை. புதியதோடு போட்டி போட்டபடி அங்கேயே இருக்கும். ஆரம்பத் தடுமாற்றத்தில் பெரும்பகுதி இந்தப் போட்டியால் வருவதுதான்.

முதலில் அமைப்பு

கணினியின் மொழி அமைப்பில் தமிழ்99 கீபோர்டைச் சேர்த்து அ, ம, ம, ஆ என்று அடித்துப் பாருங்கள். 'அம்மா' என்று வந்தால் சரி. புள்ளி தானாக விழவில்லை என்றால் இ-கலப்பை போன்ற மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். விசைகளின் மேல் எழுத்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். ஒட்டினால் கண்தான் பழகும், விரல் பழகாது. வரைபடத்தை அச்சிட்டுத் திரைக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் வையுங்கள்.

நடு வரிசை: 1 முதல் 4-ஆம் நாள் வரை

எஃப், ஜே விசைகளில் இருக்கும் சிறு மேடுகளின் மேல் ஆள்காட்டி விரல்களை வையுங்கள். இடக்கையில் சுண்டு விரலிலிருந்து அ, இ, உ, புள்ளி. ஆள்காட்டியை ஒரு விசை வலப்பக்கம் நீட்டினால் எ. வலக்கையில் ஆள்காட்டியிலிருந்து ப, ம, த, ந. ஆள்காட்டியை இடப்பக்கம் நீட்டினால் க, சுண்டு விரலை வலப்பக்கம் நீட்டினால் ய.

இந்தப் பதினொரு விசைகளிலேயே அது, எது, மதி, நெய், பத்து, கம்பு, இதயம், புத்தகம் எல்லாம் அடங்கும். ஒரு சொல்லைப் பத்து விநாடி திரும்பத் திரும்ப அடியுங்கள், பத்து விநாடி கையை எடுத்துவிடுங்கள். 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் இப்படி ஒரு எண் தொடரை அடிக்கவைத்தபோது, தொடக்க வேக உயர்வு அந்தச் சிறு ஓய்வுகளைத் தாண்டும்போதே தெரிந்தது. அது உண்மையான கற்றலா, களைப்பு நீங்கியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எதுவானாலும் ஓய்வெடுப்பதில் நட்டமில்லை.

இரண்டாம் நாளிலிருந்து சொற்களைக் கலந்து அடியுங்கள். ஒரே சொல்லை நூறு முறை அடித்தால் அப்போதைக்கு வேகம் கூடியதுபோல் இருக்கும், மறுநாள் காணாமல் போயிருக்கும்.

மற்ற வரிசைகள்

மேல் வரிசை எளிது. குறிலுக்கு மேலேயே அதன் நெடில் இருக்கிறது: அ மேல் ஆ, இ மேல் ஈ, உ மேல் ஊ, எ மேல் ஏ. சிக்கல் கீழ் வரிசையில் வரும். உயிர் இடக்கை, மெய் வலக்கை என்ற ஒழுங்கை வ, ங இரண்டும் மீறி இடக்கை ஆள்காட்டிக்குப் போகின்றன. இவற்றுக்குத் தனியாக இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

தானாக விழும் புள்ளியும் சில இடங்களில் காலை வாரும். 'நந்தி' என்பதை ந, ந, த, இ என்று அடித்தால் முதல் 'ந' புள்ளி வாங்கிவிடும். இடையில் அ சேர்த்து ந, அ, ந, த, இ என்று அடிக்க வேண்டும். தத்துவம், பப்பாளி இரண்டுக்கும் இதே வைத்தியம்.

எவ்வளவு நேரம்?

காலையில் இருபது நிமிடம், தூங்கப் போவதற்கு முன் இருபது நிமிடம். விரல் அசைவுகள் தூக்கத்தில் மேலும் படிகின்றன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்ந்து நான்கு மணி நேரம் அடிப்பது வீண் உழைப்பு. பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்து 1978-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள் விசைகளைக் கற்க மொத்தம் சுமார் 35 மணி நேரம் எடுத்தார்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களுக்குச் சுமார் 50 ஆனது. வேடிக்கை என்னவென்றால், தங்கள் பயிற்சி முறையில் மிகக் குறைந்த திருப்தி காட்டியது அந்த ஒரு மணி நேரக் குழுதான். ஆகவே 'முன்னேறவில்லை' என்று மனம் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

பிழைக் கணக்கு

கணக்கில் எடுக்க வேண்டியது இதைத்தான். தினமும் ஒரே நீளப் பத்தியை, ஏறக்குறைய ஐம்பது சொல், பின்னழிப்பு விசையைத் தொடாமல் அடியுங்கள். பிழைகளை எண்ணி, எதற்குப் பதில் எது விழுந்தது என்று நோட்டில் குறியுங்கள். 'எனக்கு வரவில்லை' என்று எழுத வேண்டாம். 'த-வுக்கு ந விழுகிறது, எட்டு முறை' என்று எழுதினால் மறுநாள் வேலை கையில் கிடைத்துவிடும்: மோதிர விரலையும் சுண்டு விரலையும் பிரிக்கும் சொற்கள், நதி, நத்தை, தந்தம்.

உளவியலாளர் கேரல் டுவெக் சொல்லும் வளர்ச்சி மனப்பான்மை இங்கே பயன்படுவது இந்த அளவில்தான். திறமை வளரும் என்று நம்பினால் மட்டும் விரல் நகராது. 2019-இல் அமெரிக்காவில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான மாணவர்களிடம் இந்த எண்ணத்தை விதைத்துப் பார்த்தபோதும், பின்தங்கியவர்களின் மதிப்பெண்ணில் கிடைத்த உயர்வு சிறியதே. பிழையைக் கண்டு நோட்டை மூடாமல் இருக்க அந்த நம்பிக்கை உதவும்.

நூறு தட்டுக்கு ஐந்து பிழைக்குக் கீழே வரும்வரை வேகத்தைப் பார்க்க வேண்டாம். முதல் மூன்று வாரம் அலுவலக அவசரங்களைப் பழைய முறையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நண்பர்களுக்கு எழுதுவது மட்டும் தமிழ்99. நான்காம் வாரத்தில் அலுவலகத்துக்கும் மாறிக்கொள்ளலாம். ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் ஷிஃப்ட்டோடு மேல் வரிசையின் இடது மூலையில் வரிசையாக இருக்கின்றன. அவற்றை அப்போது பார்த்துக்கொண்டால் போதும்.